பதில் பேசாத குரல்

அமலதாஸ் அன்று காலை வீட்டுக்கென்று செய்த கடைசி வேலை, துணி காயப்போடும் கொடிக்கம்பியை ஒரு முழம் ஏற்றிக் கட்டியதுதான். கார்த்திகை மழை. கொடியில் தொங்கிய அவனுடைய நீள ரெயின்கோட்டின் கீழ்முனை சேற்றில் புரண்டுகொண்டிருந்தது.

"எனக்கு எட்டாதுங்க" என்றாள் சகாயராணி.

"சாயங்காலம் வந்து எறக்கிக் கட்றேன்."

"எந்த வருசத்துச் சாயங்காலம்?"

"இந்த வருசத்துதான். நீ கோவிச்சுக்காத." கம்பியை விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தான். அது விண்ணென்றது. குடையையும் சோற்றுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு கீழ் ரோடு வழியாக ஃபேக்டரிக்கு இறங்கிப் போனான். பச்சை இலையைப் பரப்பி வாட்டுகிற மாடியில் அவனுக்கு இருபது வருட வேலை.

நீரூத்து எஸ்டேட்டுக்கு ஆனை புதிதல்ல. தேயிலை நட வந்தவர்களுக்கு முன்பே அவற்றுக்கு அங்கே பாதை இருந்தது. புதிதாக வந்தது போன்தான். ஆனைகளின் கழுத்துப் பட்டையும் மரங்களில் மாட்டிய கேமராக்களும் ஆனை எந்த நம்பர் தேயிலைக் காட்டில் நிற்கிறது என்று கண்டுபிடித்து, சுற்று வட்டாரத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் போன் போடும். முதலில் வைத்திருந்தது செய்தி வாசிக்கிற குரல். 'அன்பார்ந்த பொதுமக்களே, தங்கள் பகுதியில் வனவிலங்கு நடமாட்டம் கண்டறியப்பட்டுள்ளது' என்று அது தொடங்குவதற்குள், கடன் வேண்டுமா என்று கேட்கிற விளம்பரம் என நினைத்து எல்லோரும் துண்டித்துவிடுவார்கள். அந்த வருடம் மட்டும் இரண்டு பேர் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் ஹசீனா வந்தாள். பொள்ளாச்சிப் பெண். இந்த போன் ஏற்பாட்டை நடத்துகிற சின்ன நிறுவனத்தில் வேலை. ஊர்க்காரர் ஒருவரின் குரலாக இருந்தால் கேட்பார்கள் என்பது அவள் யோசனை. குரல் தேடி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற லைன் லைனாக அலைந்தவள் ஒருநாள் பிள்ளைக் காப்பகத்துக்கு வெளியே நின்றிருந்தாள். உள்ளே ஆயாவாக இருந்த சகாயராணி, வாய்க்கால் பக்கம் தத்திப் போன குழந்தையைப் பார்த்து, "டேய், அங்கனயே நில்லு!" என்றாள். குழந்தை நின்றது. ரோட்டில் சைக்கிள் மிதித்துப் போன தபால்காரரும் காலை ஊன்றி நின்றார்.

"அக்கா, உங்க குரல் வேணும்" என்றாள் ஹசீனா.

ஒன்பது நாள் உட்கார்ந்து ஆயிரத்து நானூறு வாக்கியங்கள் பேசிக் கொடுத்தாள் சகாயராணி. நடுவில் ஒருமுறை சந்தேகம் வந்தது.

"ஆனை எங்க நிக்கும்னு இப்பவே எப்படிம்மா சொல்றது?"

"நீங்க சொல்ல வேண்டாம்க்கா. இதை வச்சு அதுவே பேசக் கத்துக்கும். நீங்க சொல்லாததையும் நீங்க சொன்ன மாதிரியே சொல்லும்."

"நான் சொல்லாததையா?"

"ஆமாக்கா. உங்க மூச்சு, இழுவை, எல்லாத்தோடயும்."

அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

மூன்று வருடம் நன்றாக நடந்தது. "சகாயம் பேசுறேன். ஆனை எட்டாம் நம்பர் காட்டுல நிக்குது. மேல் ரோட்டுல வராதீங்க. பார்த்து வாங்க" என்று நாலாயிரம் போன்களில் அவள் குரல் சொல்லும். சொன்னதும் துண்டித்துக்கொள்ளும். யாரும் அதை மீறிப் போகவில்லை. யாரும் சாகவில்லை. அமலதாஸ்தான் கிண்டல் செய்வான்: "வீட்டுக்குள்ள கேக்குறது பத்தாதுன்னு ஊரெல்லாம் இவ சத்தம்தான். கல்யாணம் கட்டுன பாவம் எனக்கு. நாலாயிரம் பேரு என்னய்யா பாவம் பண்ணுனீங்க?"

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. மெஷின் பேசி முடித்ததும், "சரி தாயி, வந்துட்டேன்" என்று பதில் சொல்லுவான். அதற்குக் காது இல்லை என்று தெரிந்தேதான் சொல்லுவான். மெஷினுக்குத் 'தாயி' என்று மரியாதை. வீட்டில் இருப்பவளுக்கு 'ஏ புள்ள'தான். ஃபேக்டரி ஆட்களும் அவனைப் பார்த்து அப்படியே சொல்லப் பழகினார்கள். போன் வந்தால் மாடி முழுக்க, "சரி தாயி, சரி தாயி" என்று சிரிப்புச் சத்தம் எழும்.

கம்பியை ஏற்றிக் கட்டிய அன்று மாலை ஆறு மணி நாலு நிமிடத்துக்கு சகாயராணியின் போனிலும் அவள் குரல் வந்தது. எட்டாம் நம்பர் காடு, மேல் ரோட்டுல வராதீங்க. அவன் கீழ் ரோடு வழியாகத்தானே வருவான் என்று நினைத்துக்கொண்டு, அடுப்பில் கருவாட்டைப் புரட்டிப் போட்டாள். பனி இறங்கி எதிர் லைன் மறைந்திருந்தது. ஆறரை மணிக்கு, மேல் ரோட்டுப் பக்கம் ஆட்கள் கத்துகிற சத்தம் கேட்டது. யார் வீட்டு மாடோ என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அடுப்பை அணைக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய்தான் ஓடி வந்தாள். வந்து, இவள் கையைப் பிடிக்காமல் இரண்டடி தள்ளியே நின்றாள். அந்த இரண்டடியைச் சகாயராணி பிறகு வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, நீ எதுக்கு அந்த மனுசன மேல வரச் சொன்ன?"

"யார?"

"ஃபேக்டரி கேட் வாட்ச்மேன் சொல்றாரு. கீழ எறங்கப் போன ஆளு போன் பேசிட்டுத் திரும்புனாராம். 'வீட்டுல மேல வரச் சொல்லுது'ன்னு சொல்லிட்டுப் போனாராம்."

"நான் போனே எடுக்கலையே!"

பொன்னுத்தாய் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், கருகிக்கொண்டிருந்த அடுப்பை அணைத்தாள்.

ஆனை அடித்த அமலதாஸை மண்ணில் வைக்கும்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை. சர்ச்சில் பெட்டிக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் இன்னும் மூன்று பேர் உட்கார இடமிருந்தது, யாரும் உட்காரவில்லை. கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிற மகள் பிரின்சி மட்டும் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவளும் இரண்டாம் நாள் ராத்திரி கேட்டாள்: "அம்மா, நீ பேசலதானே?" கேட்டுவிட்டு உடனே, "தெரியும்மா, சும்மா கேட்டேன்" என்றாள்.

எட்டாம் நாள் போலீஸ் ஜீப் வந்தது. கூட ஹசீனாவும் இருந்தாள். அழுது அழுது கண் இடுங்கிப் போயிருந்தது. இன்ஸ்பெக்டர் நடுவயது, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு பதிவு இருக்கு. நீங்க கேட்டு, இது உங்க குரல், ஆனா நீங்க பேசலன்னு எழுதிக் கொடுக்கணும். குரலுக்குச் சொந்தக்காரங்க சொன்னாத்தான் வழக்கே போட முடியும்."

"என் குரல், ஆனா நான் பேசல" என்று சகாயராணி திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "போடுங்க சார்."

மொத்தம் ஐம்பது வினாடி.

"சகாயம் பேசுறேன். எங்க இருக்கீங்க?"

"சரி தாயி, வந்துட்..." அவன் குரல் நின்றது. "என்னது? ஏ புள்ள, நீயேவா? நான் மெஷின்னுல்ல நெனச்சேன்."

"நான்தான்."

அவன் சிரித்தான். மூச்சு வாங்க, சந்தோஷமாகச் சிரித்தான். "வேலை முடிஞ்சு ஃபேக்டரி கேட்டுகிட்ட நிக்கிறேன். ஆனை மேல நிக்குதுன்னு இப்பத்தான் உன் மெஷின் சொல்லுச்சு. கீழ வந்துர்றேன், என்ன?"

பிறகு ஒன்றுமில்லை. மழைச் சத்தம் மட்டும். சகாயராணி முடிந்துவிட்டது என்று நினைத்து நிமிர்ந்தாள். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மெஷின் தப்பு" என்றது அவள் குரல். "மேல வாங்க. பார்த்து வாங்க."

"சரி புள்ள. கம்பிய வந்து எறக்கிக் கட்றேன், கோவிச்சுக்காத."

புருஷனின் சிரிப்பை அல்ல, அவன் 'தாயி'யை விட்டு 'புள்ள'க்கு மாறிய அந்த ஒரு நொடியைத்தான் அவள் மனது பிடித்துக்கொண்டது. மெஷின் என்றால் அவன் கேட்டுக்கொண்டு கீழேதான் போயிருப்பான். பதில் வந்தது. பதில் வந்ததால் நம்பினான்.

"நடுவுல ஏன் சார் அவ்வளவு நேரம் பேசல?"

இன்ஸ்பெக்டர் ஹசீனாவைப் பார்த்தார். ஹசீனா தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "பதினோரு செகண்ட் அக்கா. ஓட்டெடுப்பு நடந்திருக்கு."

"என்ன ஓட்டு?"

"இணையத்துல பேரு, முகம் எதுவும் இல்லாத ஒரு கூட்டம். இந்த மாதிரி ஏதாவது ஒரு ஊரு குரலைத் திருடி, யாருக்காவது போன் போட்டு, அவங்க பதறுறதை எல்லாரும் கேட்டுச் சிரிப்பாங்க. அவங்களுக்குத் தமிழே தெரியாது. அவங்க பாஷையில தட்டுனா போதும், அது உங்க குரல்ல, உங்க பேச்சுல மாத்திச் சொல்லிரும். அண்ணனும் ஃபேக்டரி ஆளுங்களும் மெஷினுக்குப் பதில் பேசுறதை எவனோ படம் பிடிச்சு வெளியில போட்டிருக்கான். அதைப் பாத்துட்டுத்தான் வந்திருக்காங்க. மெஷின் திருப்பிப் பேசினா அண்ணன் என்ன பண்ணுவாருன்னு பாக்க."

"ஓட்டு என்னன்னு சொல்லும்மா" என்றாள் சகாயராணி.

"மேலயா, கீழயான்னு."

"மூவாயிரத்து நூத்திப் பதினாறு பேரு ஓட்டுப் போட்டிருக்காங்க" என்றார் இன்ஸ்பெக்டர், காகிதத்தைப் பார்த்து. "மேலன்னு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு."

"அவங்களுக்கு ஆனை நெசமாவே நிக்கிறது தெரியாதா?"

ஹசீனா தன் போனை எடுத்துக் காட்டினாள். "ஆனை நிக்கிற இடம் யாரு வேணா பாக்குற மாதிரி வரைபடத்துல இருக்கும்க்கா. ஒருத்தன் அதைப் பாத்துட்டுக் கூட்டத்துல எழுதியிருக்கான்: 'நெசமாவே மேலதான் நிக்குது, பாருங்க'ன்னு. அதுக்கு நானூறு பேரு சிரிச்சிருக்காங்க."

போன் போட்டவனைப் பிடித்துவிட்டார்கள். ஏதோ விடலைப் பையனாக இருப்பான் என்று சகாயராணி நினைத்திருந்தாள். நாற்பத்தொரு வயது பல் டாக்டர். இரண்டு பிள்ளைகள். வடக்கே ஒரு நகரத்தில் நல்ல பெயர் உள்ளவன். படத்தைக் காட்டினார்கள். சாந்தமான முகம், பல் பிடுங்கும்போது வலிக்காது என்று சொன்னால் நம்பலாம்.

"அவன் சொல்றான், 'மேல வாங்க'ன்னு மட்டும்தான் தட்டினேன்னு" என்றார் இன்ஸ்பெக்டர். "'பார்த்து வாங்க'ன்னு அவன் போடலையாம்."

"அது அவங்க போட்டதில்ல" என்றாள் ஹசீனா மெதுவாக. "அக்கா எப்பவும் அப்படித்தானே முடிப்பாங்க. அதுவாச் சேர்த்துக்கிட்டிருக்கு."

சகாயராணி கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஒருவன் பிடிபட்டதும் மற்றவர்கள் அடங்குவார்கள் என்று நினைத்தது தவறு. செய்தி வெளியே வந்ததும் கூட்டம் பெருத்தது. ஒரே வாரத்தில் லைன் வீடுகளுக்கு இருபத்து மூன்று போன்கள். எல்லாம் சகாயராணியின் குரலில். பிள்ளையை வாய்க்காலில் காணோம் என்று ஒன்று. கேஸ் வெடித்துவிட்டது என்று ஒன்று. ஹாஸ்டலில் இருந்த பிரின்சிக்கு வந்தது ஒன்று: "அப்பா உசுரோட வந்துட்டாரு, கிளம்பி வா." அவள் பாதிப் படிக்கட்டு இறங்கியபிறகுதான் உட்கார்ந்தாளாம். அம்மாவும் மகளும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொண்டார்கள்; செத்துப்போன நாயின் பெயர். ஐந்தாம் நாள் அந்தக் குரல் அந்தப் பெயரையும் சொன்னது. ஒட்டுக்கேட்டிருக்கிறார்கள். முகம் பார்த்துப் பேசலாமா என்று கேட்டதற்கு ஹசீனா, "முகத்தைப் போலியாச் செய்யுறது இதைவிட லேசுக்கா" என்றாள்.

எஸ்டேட்காரர்கள் மெஷினின் குரலை நிறுத்திவைத்து, பொள்ளாச்சி ஆள் ஒருவர் குரலைப் போட்டார்கள். இரண்டு வாரத்தில் பொன்னுத்தாயின் மாட்டுக்கொட்டகைச் சுவர் போயிற்று. பதினொன்றாம் நம்பர் காட்டில் இலை பறித்துக்கொண்டிருந்த ஆறு பெண்கள், கொம்பன் ஆனைக்கும் தங்களுக்கும் நடுவே இரண்டு பாத்தி இருக்கும்போது ஓடினார்கள். போன் வந்திருந்தது; யாரோ என்று எடுக்கவில்லை.

அதற்குமேல் தாங்காது என்று காலையில் வேலை பிரிக்கிற களத்தில் ஊரைக் கூட்டினார்கள். ஹசீனா ஒரு படிவத்தோடு வந்திருந்தாள். சகாயராணி கையெழுத்துப் போட்டால் அவள் குரலை மெஷினிலிருந்து அடியோடு அழித்துவிட வேண்டும். அது அவள் உரிமை. போடாவிட்டால் மறுபடி அந்தக் குரலே வரும். தினம் ஐந்தாறு முறை, எல்லா வீட்டிலிருந்தும்.

"அழிச்சிரு தாயி" என்றார் கேட் வாட்ச்மேன். "உனக்கே கேக்க முடியாதே."

"அழிச்சா? எங்க உசுருக்கு யாரு பதிலு?" என்றாள் பதினொன்றாம் காட்டில் ஓடியவர்களில் ஒருத்தி. "தப்பா நெனைக்காத சகாயம். உன் சத்தம் கேட்டா கால் தானா நிக்குது. வேற சத்தத்துக்கு நிக்க மாட்டேங்குது."

"நின்னு என்னத்துக்கு? எது மெஷினு, எது அந்த நாய்ங்கன்னு எப்படிடி கண்டுபிடிப்ப?"

களம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. சகாயராணியின் மடியில் படிவம் இருந்தது. காதுக்குள் அந்த மழைச் சத்தம் ஓடியது. சரி தாயி. ஏ புள்ள, நீயேவா. பிறகு எழுந்தாள். அவள் எழுந்ததும் கத்தல் நின்றது. அந்தக் குரலுக்கு முன்னால் நிற்பது ஊருக்குப் பழகிவிட்டது.

"மெஷினு நாம பேசுறதைக் கேக்காது" என்றாள். "சொல்லும், வச்சிரும். அந்தக் கூட்டத்துக்கு வேண்டியது நம்ம பதறுறது. அதுக்காகப் பேச்சை வளப்பாங்க. போன் வந்தா, 'சரி தாயி'ன்னு சொல்லிப் பாருங்க. பதில் வராம கட்டாச்சுன்னா அது நெசம். ஒரு 'உம்'மாவது திரும்பி வந்தா பொய்யி. உடனே வச்சிருங்க. யாரு எவ்வளவு அழுதாலும் வச்சிருங்க."

பொன்னுத்தாய்க்குத்தான் முதலில் புரிந்தது. "அப்ப உன் குரல்ல பதில் வந்தா, நெசமாவே நீயா இருந்தாலும் வைக்கணுமா?"

"ஆமா."

"அக்கா" என்றாள் ஹசீனா. "அப்புறம் நீங்க யார்கிட்டயும் போன்ல பேசவே முடியாது."

"காலு இருக்குல்ல. நேர்ல போய்ப் பேசிக்கிறேன்."

படிவத்தை இரண்டாக மடித்து அவளிடமே கொடுத்தாள்.

அது பலித்தது. நாலாயிரம் பேரும் 'சரி தாயி' சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி காத்திருந்தார்கள். பதில் வந்தால் வைத்தார்கள். சுவரோடு பேசுகிற விளையாட்டில் அந்தக் கூட்டத்துக்கு ருசி விட்டுப்போயிற்று. ஒன்றரை மாதத்தில் வேறு ஏதோ ஊரைப் பார்த்துப் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று இவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் மறுபடி எப்போது வருவார்கள் என்று யார் சொல்வது? பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது.

அந்த ஒன்றரை மாதத்துக்குள் வந்த அமலதாஸின் நாற்பதாம் நாள் பூசைக்குப் பிரின்சி வரவேண்டிய பஸ் மலைப்பாதையில் மண் சரிந்து நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டு, சகாயராணி மகளுக்குப் போன் போட்டாள்.

"பிரின்சி, எங்கடி இருக்க?"

"அம்மாவா?"

"ஆமாடி, நான்தான்."

கட்டாயிற்று.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள். மகள் சரியாகத்தான் செய்திருந்தாள். தான் சொல்லிக் கொடுத்தபடிதான். மூன்று மணி நேரம் கழித்துப் பிரின்சி நனைந்துபோய் வந்து இறங்கினாள். ராத்திரி தலை துவட்டிவிடும்போது மகள்தான் சொன்னாள்: "அது நீதான்னு எனக்குத் தெரிஞ்ச மாதிரிதான்மா இருந்துச்சு. அதனாலதான் பயந்து வச்சேன். அப்பாவுக்கும் அப்படித்தானே தெரிஞ்சிருக்கும்."

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும், நாலு மணிக்கு, சகாயராணி மகளுக்குப் போன் போடுகிறாள். "சகாயம் பேசுறேன். நான் நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். நீ பார்த்து இரு." அவ்வளவுதான். பிறகு வாயை மூடிக்கொள்கிறாள். மெஷினைப் போலத் துண்டிப்பதில்லை. அது ஒன்று மட்டும் அவர்களுக்குள் சலுகை. அந்தப் பக்கம் பிரின்சி "சரி தாயி" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். பதில் வராது. வராததால் அது அம்மாதான் என்று நிச்சயமாகிவிடும். அதற்குப் பிறகு அவள் பேசுவாள். வார்டில் செத்துப்போன கிழவரைப் பற்றி, மெஸ்ஸில் உப்பில்லாத சாம்பாரைப் பற்றி, கூடப் படிக்கிற ஒருவன் தினமும் குடை இரவல் கேட்கிறான் என்பதைப் பற்றி. சில வாரம் ஒன்றும் பேசாமல் அழுவாள். சகாயராணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு 'உம்' போட்டால் போதும், அவள் பொய்யாகிவிடுவாள்.

போன வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. சகாயராணி துவைத்த துணிகளை வாளியில் வைத்துக்கொண்டு பின்பக்கம் நின்றபோது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அவளுடையதல்ல, அமலதாஸின் போன். போன் போகிற பட்டியலிலிருந்து அந்த நம்பரை எடுத்துவிடவா என்று ஹசீனா கேட்டதற்கு, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

"சகாயம் பேசுறேன். ஆனை எட்டாம் நம்பர் காட்டுல நிக்குது. மேல் ரோட்டுல வராதீங்க. பார்த்து வாங்க."

"சரி தாயி" என்றாள் அவள்.

பதில் வரவில்லை. போனைச் செருகிக்கொண்டு, வாளியிலிருந்து ஒரு சேலையை எடுத்துப் பிழிந்தாள். நுனிக்காலில் நின்று, கையை உயர்த்தி, அதைக் கொடிமேல் வீசினாள். கம்பி இன்னும் அந்த ஒரு முழம் மேலேதான் இருந்தது.